கடலோர மீன்வளத்தை ஊர் மக்களே நிர்வகிக்க என்ன பயிற்சி கொடுக்கலாம்?

தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், மன்னார் வளைகுடா ஊர்களில் பயிற்சி நடத்தச் சொல்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கரையில் சில வருடம் இதே வேலை பார்த்தவன் நான்.

கடலில் இறங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு நாங்கள் வைத்த முதல் கூட்டம் காலை பதினோரு மணிக்கு. அமாவாசைக்கு மறுநாள். கடல் நன்றாக வற்றியிருந்ததால் ஒருவர்கூட வரவில்லை, எல்லோரும் தண்ணீரில். சாயங்காலம் கரையில் ஒரு அக்கா, விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, "நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். துணிக்குள்ளும் விரல் நுனிகள் வெடித்திருந்தன. பாசி பிடித்திருக்கும் பவளக்கல் அப்படி அறுக்கும்.

அன்றைக்குப் பாடம் எனக்குத்தான். உணவை உறையவைக்கும் அகர் என்ற பொருளை எடுக்கப் பயன்படும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் கிள்ளினால் அடி கல்லிலேயே நிற்கும், மறுபடி தழைக்கும். இரும்பால் சுரண்டினால் அடியோடு போய்விடும். இது அவர்களுக்குத் தெரியும். சுரண்டியைத் தொடுவதில்லை, மாதத்தில் 12 நாள் மட்டுமே இறங்குவது என்று தங்களுக்குள் பேசி முடிவெடுத்தவர்களும் அவர்களே. இப்படிப்பட்டவர்களிடம் போய் "வளத்தைப் பாதுகாப்போம்" என்று படம் போட்டுக் காட்டுவது வீண்.

பழவேற்காட்டிலும் இதேதான். அங்கே ஏரியில் வலை போடும் இடங்களைப் பாடு என்ற முறையில் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிடுவது நெடுங்கால வழக்கம். ஆனால் பங்கு, கல்யாணமான ஆண்களின் தலைக்கட்டுக்கு. அதனால் ஊர்க் கட்டுப்பாடு எது என்று கேட்கும்போது, அதற்கு வெளியே நிற்பவர் யார் என்றும் கேளுங்கள்.

அப்புறம் பயிற்சி எதற்கு? என் அனுபவத்தில் கணக்கு எழுதுவதற்கு. 1986-இல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்த பிறகு, தீவுப் பக்கம் போவதே குற்றமாகிவிட்டது. "நீங்கள்தான் பாசியை அழிக்கிறீர்கள்" என்று யாராவது சொன்னால், இல்லை என்று காட்ட இவர்கள் கையில் ஒரு காகிதம் கிடையாது. அதனால் ஒரு தராசும் நாற்பது பக்க நோட்டும் வாங்கினோம். எந்தப் பாறைத் திட்டு, எத்தனை மணி நேரம், ஈரப்பாசி எத்தனை கிலோ, காய்ந்தபின் எத்தனை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதினார்கள். ஆறு மாதத்தில், எந்த இடத்தில் பாசி குறைகிறது, எதை விட்டுவைக்க வேண்டும் என்று அந்த நோட்டை வைத்தே விவாதம் நடந்தது. குரல் உயராமல் நடந்த முதல் விவாதம் அதுதான் என்பது என் எண்ணம்.

இதோடு சட்டமும் சொல்லிக் கொடுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இழுவைப் படகு தொழில் செய்யக் கூடாது என்பதை ஆண்கள் பலர் அறிவார்கள், பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. சிறு மீனவர்களுக்காக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் ஏற்ற வழிகாட்டுதல்களையும் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கலாம். அதற்காக உழைத்த சென்னையைச் சேர்ந்த சந்திரிகா சர்மா, அதே வருடம் காணாமல் போன மலேசிய விமானத்தில் இருந்தவர். அந்த ஆவணம் அவர் நினைவுக்குத்தான் அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது. இதைச் சொன்னபோது கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் அங்கே நிறைய.

மனு கொடுப்பதையும் ஒத்திகை பாருங்கள். ஒருவர் அதிகாரியாக உட்காரட்டும், மற்றவர்கள் பேசிப் பழகட்டும்.

முதல் கூட்டத்தை அஷ்டமி, நவமியை ஒட்டி வையுங்கள். அப்போது கடல் அவ்வளவாக வற்றாது, எல்லோரும் கரையில் இருப்பார்கள்.