குரங்கு தின்ற பழமும் சந்தைப் பழமும்

மதிப்பிற்குரிய ஐயா,

நம் மூதாதைக் குரங்கினங்கள் பழம் தின்று வாழ்ந்தவை. நம் உடல் வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளாததே அதற்குச் சான்று. சில மாதங்களாக வாழைப்பழமும் மாம்பழமுமே என் உணவு, அடிக்கடி தலைசுற்றுகிறது. மகளையும் இதற்குப் பழக்கலாமா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தையை இதில் இழுக்காதீர்கள். நீங்களும் நாளையே மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் சி வாதம் நிற்காது. எலியினத்தை ஒத்த கினிப்பன்றியும் அதைச் செய்துகொள்வதில்லை. அது புல் மேய்கிறது.

பழத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் மானிடவியல் ஆய்வாளர் கேத்தரின் மில்டன் இரு குரங்கினங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். எடையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இலையைப் பெருமளவு தின்னும் ஊளைக் குரங்கின் குடலை உணவு கடக்கச் சுமார் 20 மணி நேரமாகும். பழத்தையே பெரிதும் நம்பியிருக்கும் சிலந்திக் குரங்குக்கு 4 மணி நேரம் போதும். ஊளைக் குரங்கின் மூளை சுமார் 50 கிராம், சிலந்திக் குரங்கினுடையது 107 கிராம். உடனே, பழம் தின்றால் மூளை வளரும் என்று துள்ளாதீர்கள். பழத்தில் சர்க்கரை உண்டு, புரதம் சொற்பம். எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்பதைக் காடு முழுவதற்கும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பழம் வாரி வழங்கியதை விட, கைக்கெட்டாமல் அலையவிட்டதே அந்த மூளையை வளர்த்திருக்கும் என்பது மில்டனின் வாதம்; எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அந்தச் சிலந்திக் குரங்கும் புரதத்துக்காக இளந்தளிரைத் தேடித் தின்கிறது என்பதை உங்கள் பழ உணவுப் பிரசாரகர்கள் சொல்வதே இல்லை.

அதோடு, காட்டுப் பழம் நீங்கள் தின்னும் பழம் அன்று. நாரும் கொட்டையுமாக இருக்கும் அதில் கரும்புச் சர்க்கரை வகை குறைவு. இனிப்புக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த பழமோ சர்க்கரை மூட்டை. இங்கிலாந்தின் பெயின்டன் விலங்குக் காட்சிசாலை, குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதை 2014-இல் நிறுத்திவிட்டது. குரங்குக்கே ஆகாதென்று விலக்கியதை, குரங்கின் பெயரைச் சொல்லி நீங்கள் மூன்று வேளையும் தின்கிறீர்கள்!

எங்கள் கிணற்றடி அத்தியின் பழத்தைப் பிட்டு, உள்ளே ஊர்ந்த பொடிக் குளவிகளைக் கண்டதும் பாட்டி அதை வீசிவிடுவார். ‘அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு’ என்ற பழமொழி மனிதர் நாவில் பிறந்தது. குரங்கு அந்தப் புழுவோடுதான் தின்கிறது. அதிலும் கொஞ்சம் புரதம் இருக்கிறது. உங்கள் மாம்பழத்தில் அதுவும் இல்லை.