தம்பியின் ஏற்ற இறக்கம் பற்றி

வணக்கம் சகோதரி. மன்னார்குடிப் பக்கம் வயல் பார்க்கும் தம்பி, மூன்று மணி நேரமே தூங்கிக் கடன் வாங்கிப் புதுத் தொழில் என்று பறப்பதும், அப்புறம் ஒரு வாரம் வரப்பே மிதிக்காமல் படுத்துக் கிடப்பதுமாக மூன்று வருடம் ஓடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

சைக்ளோதைமியா என்று ஒன்று உண்டு, அதாவது மனம் ஒரு சமயம் அதீத உற்சாகத்துக்கும் இன்னொரு சமயம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகிற இருமுனைக் கோளாறின் லேசான வடிவம். அதுதான் என்று சொல்ல, பெரியவர்களுக்குக் குறைந்தது 2 வருடம், அதில் பாதி நாளாவது இந்த ஏற்ற இறக்கம், நடுவில் தொடர்ந்து 2 மாதத்துக்கு மேல் சரியாக இருந்திருக்கக் கூடாது. தைராய்டும் குடியும் இதேபோல் காட்டும், அதனால் நாமே பெயர் வைக்க வேண்டாம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சோர்ந்த நாட்களை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், பறந்த நாட்களையும் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரை மட்டும் எடுத்தால் சிலருக்கு ஏற்றம் கூடிவிடும். தினமும் தூங்கிய நேரத்தைக் காலண்டரில் குறித்துக் கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி.

குறுவை சமயத்தில் ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வேறு ஆளை அனுப்புங்கள். தூக்கம் கெட்டால் இது கிளம்பும். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.