குருமடத்துக்குப் போகும் மகன்: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். ப்ளஸ் டூ முடித்த மகன் அழைத்தல் முகாமுக்கு (குருவாக விரும்பும் பையன்களுக்கானது) போய்வந்ததிலிருந்து, வடக்கே வேலை செய்கிற ஒரு மிஷனரி சபையில் சேரப்போவதாகச் சொல்கிறான். கருமாத்தூர் கிறைஸ்ட் ஹால் குருமடத்துப் பிரதர்களைப் பார்த்திருக்கிறோம். இதுவும் அப்படித்தானா? எத்தனை வருஷம் ஆகும்? வருகிற தையில் அவன் அக்காவுக்குக் கல்யாணம், விடுவார்களா? பாதியில் திரும்பினால் கையில் என்ன இருக்கும்?
ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

கருமாத்தூரில் நீங்கள் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மறைமாவட்டக் குருமாணவர்கள். ஆயருக்கு (பிஷப்புக்கு) கீழே நம் பங்குகளில் வேலை செய்யப்போகிறவர்கள். அவர்களுக்கு நவதுறவு, அதாவது சபை வாழ்க்கையைப் பழகிப் பார்க்கும் காலம், கிடையாது. உங்கள் மகன் சொல்வது துறவற சபை என்றால் அது உண்டு. முடிவில் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகள், அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குகள்.

முதல் ஓரிரு வருஷம் ஆயத்தம். பிறகு நவதுறவு ஒன்று அல்லது இரண்டு வருஷம். மெய்யியல் (தத்துவம்) 2, இறையியல் 4, இந்த ஆறும் திருச்சபைச் சட்டம் வைத்த குறைந்தபட்ச அளவு. நடுவில் களப்பணி (சபை வேலை செய்கிற இடத்தில் போய் இருந்து உழைப்பது), பல சபைகளில் கல்லூரிப் பட்டத்துக்கும் 3 வருஷம். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் பத்துக்குக் குறையாது, பதினாலும் ஆகலாம். எப்படியும் 25 வயது முடியாமல் குருப்பட்டம் இல்லை என்பது பொது விதி.

அன்றாடம் மடத்துக்கு மடம் கால்மணி, அரைமணி மாறும். காலை 5 மணிக்கு எழுப்புமணி, தியானம், திருப்புகழ்மாலை (சங்கீதங்களைச் சேர்ந்து சொல்லும் செபம்), திருப்பலி. சாப்பிட்டுவிட்டுக் கூட்டிப் பெருக்குவது, கழிப்பறை கழுவுவது, தோட்டம். மதியம்வரை வகுப்பு. சாயந்தரம் விளையாட்டு, குளியல், செபமாலை, படிப்பு. இரவுச் செபம் முடிந்தால் காலைவரை மௌனம். அதிகாலை மணிக்குப் பயந்து ஓடியவர்கள் குறைவு. நம் ஊர்ப் பையன்கள் பலருக்கு இடறுவது இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவன் அங்கே வாயே திறக்க மாட்டான். மெய்யியலில் நோட்ஸை மனப்பாடம் செய்து எழுத்துத் தேர்வைத் தாண்டிவிடுவான். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே மாட்டிக்கொள்வான். இப்போதிருந்தே தினம் அரைமணி இங்கிலீஷைச் சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அதன்பின் இந்தி, போகிற இடத்துப் பழங்குடி மொழி வேறு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு ராபர்ட் தெ நோபிலி தமிழோடு தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார். இப்போது வேற்றுமொழி படிக்கிற முறை மதுரைப் பையனுடையது.

களப்பணியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அங்கே மணியடிக்க ஆள் இல்லை. விடுதிப் பிள்ளைகள், அரிசிக் கணக்கு, மின்கட்டணம் எல்லாம் இவன் தலையில். மணியடித்ததால் மட்டும் செபித்தவன் அங்கே ஒரே மாதத்தில் செபத்தை விட்டுவிடுவான். பிறகு ஏன் இருக்கிறோம் என்றே தெரியாது. என் கணிப்பில் அழைத்தல் நிஜமாகச் சோதிக்கப்படும் இடம் அதுதான்.

கல்யாணத்துக்கு வருவோம். வருகிற தையில் அவன் ஆயத்த வருஷத்தில் இருப்பான், கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். சேரும்போதே தேதியைச் சொல்லிவையுங்கள். நவதுறவில்தான் கெடுபிடி. அந்த வருஷத்தில் 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அதை ஈடுகட்ட வேண்டும். மொத்தம் 3 மாதத்தைத் தாண்டினால் நவதுறவே செல்லாது. இது திருச்சபைச் சட்டம், ரெக்டர் (மடத்துத் தலைவர்) கல்நெஞ்சக்காரர் என்று கோபப்படாதீர்கள்.

திரும்பி வருவது குற்றம் இல்லை. முதல் வார்த்தைப்பாடே தற்காலிகமானதுதான், குறைந்தது 3 வருஷத்துக்கு. வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால் எந்த நாளும் கிளம்பலாம், கொடுத்த பிறகு அதன் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் வரலாம். ஆனால் குருமடத்து மெய்யியல் படிப்பு எல்லா இடத்திலும் பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. வேலைக்கு மனு போடும்போது அது தெரியவரும். பட்டப்படிப்பு உண்டா, எந்தப் பல்கலைக்கழகம், செலவு யாருடையது என்று இப்போதே அழைத்தல் இயக்குநரிடம் (சபைக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பாளரிடம்) கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அசல் மதிப்பெண் சான்றிதழ்களைக் கேட்டால் நகல் போதுமா என்று பாருங்கள். அசலே வேண்டுமென்றால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஞானஸ்நானம், உறுதிபூசுதல் இரண்டுக்கும் பங்கில் புதுச் சான்றிதழ் எடுங்கள். பதிவேட்டில் அந்தோணி, பள்ளியில் அருண் என்றிருந்தால் பங்குத்தந்தையின் கடிதம் ஒன்றை இப்போதே வாங்கி அதோடு இணைத்து வையுங்கள். பிறந்த தேதியும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைய வைப்பது அதுதான்.