பெரிய ஆர்டர் வரும்போது ‘நம்மால் முடியுமா’ என்ற ஐயத்தை எப்படிக் கடப்பது?

சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஒன்றை வைத்துப் பட்டறை தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், சிறிய ஆர்டர்களைத் தவறாமல் முடித்துக் கொடுப்பதாகவும், ஆனால் ஒரு பம்ப் நிறுவனம் மாதம் 5,000 ஷாஃப்ட் (சுழல் தண்டு) கடைந்து தர முடியுமா என்று கேட்டதிலிருந்து உறக்கம் இல்லை, கொட்டேஷன் அனுப்பவும் கை வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோவையில் இதே ஜாப் ஒர்க் தொழிலில், அதாவது பிற நிறுவனங்களுக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் தொழிலில், நெடுங்காலமாக இருப்பதால், இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், உங்கள் மனத்தில் இருப்பதை ஒரே ஐயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையைப் பற்றிய ஐயமும் உங்களைப் பற்றிய ஐயமும் ஒன்றோடொன்று கலந்து, நெஞ்சில் ஒரே பாரமாகத்தான் தெரியும். இவற்றைப் பிரிக்க நான் கையாளும் வழி எளியது: அந்த ஐயத்தை அளந்து பார்க்கக்கூடிய ஒரு கேள்வியாக எழுத முடிகிறதா என்று பார்ப்பேன். ‘பேரிங் உட்காரும் இடத்தில் 20 மைக்ரானுக்குள் (0.02 மி.மீ.) அளவு நிற்குமா’ என்பது அளக்கக்கூடிய கேள்வி. 50 சாம்பிள் கடைந்து, கடைந்த வரிசையிலேயே மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிப் பாருங்கள். இன்சர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய அளவு எந்தப் பக்கம் நகர்கிறது, எத்தனையாவது பீஸில் ஆஃப்செட்டை (மெஷினில் பதியும் அளவுத் திருத்தம்) மாற்ற வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு அது ஐயமாக நீடிக்காது; பட்டறையில் செய்யவேண்டிய ஒரு வேலையாக மாறிவிடும்.

விலை சொல்லத் தயங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். தம் மெஷின் ஒரு மணி நேரம் ஓட ஆகும் செலவு தெரியாதவர் எந்த விலையைச் சொன்னாலும் அச்சத்தோடுதான் சொல்வார். எதிரில் இருக்கும் பர்ச்சேஸ் அதிகாரி அதை உடனே கண்டுகொள்வார். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போடுவோம். மெஷினுக்கான கடன் தவணை 45,000 ரூபாய், வாடகை 12,000, இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர் சம்பளம் 40,000, மின்சாரம் 15,000, இன்சர்ட், கூலன்ட், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 18,000, உங்கள் சம்பளம் 30,000. மொத்தம் மாதம் 1,60,000 ரூபாய். இரண்டு ஷிஃப்டில் 25 நாளுக்கு 400 மணி நேரம் என்றாலும், செட்டிங், காத்திருப்பு, மின்தடை எல்லாம் போக 320 மணி நேரம்தான் மெஷின் உண்மையில் ஓடும். ஆக, ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபாய். ஒரு ஷாஃப்ட்டுக்கு ஏற்றி இறக்குவது உட்பட மூன்று நிமிடம் என்றால், மணிக்கு 20 பீஸ், பீஸுக்கு 25 ரூபாய் என்பது இலாபம் சேர்க்காத அடக்கம். அவர்கள் 18 ரூபாய்க்குக் கேட்டால், மணிக்கு 140 ரூபாயை நீங்கள் கையிலிருந்து கொடுக்கிறீர்கள் என்று பொருள். இதை அறிந்தவருக்கு ‘இந்த விலைக்குக் கட்டாது’ என்று சொல்லத் தனியாகத் துணிச்சல் தேவைப்படாது. உங்கள் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கக் கூசாதீர்கள். நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி விட்டுவிடும் செலவு அதுதான்.

இப்போது அதே கணக்கை உங்கள் ஆர்டரின் மீது வைத்துப் பாருங்கள். 5,000 ஷாஃப்டுக்கு 250 மணி நேரம் வேண்டும். மீதம் 70 மணி நேரம்தான். இரண்டு ஆண்டுகளாக உங்களை நம்பியிருக்கும் சிறிய வாடிக்கையாளர்களின் வேலை அதற்குள் அடங்குமா? அடங்காது என்றால், உங்கள் உறக்கத்தைக் கெடுத்தது திறமைக்குறைவு அல்ல. மனம் முன்கூட்டியே உணர்ந்துவிட்ட ஒரு நேரப் பற்றாக்குறை. தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லா ஐயங்களையும் விரட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. செவிகொடுக்க வேண்டிய ஐயங்களும் உண்டு.

உங்களைப் பற்றிய ஐயம் வேறு வகை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட ஆய்வுரையில், ஒருவருக்குத் தம் திறன்மீது நம்பிக்கை நான்கு வழிகளில் உண்டாகிறது என்றார்: தாமே செய்து முடித்தது, தம்மைப் போன்றவர் செய்ததைக் கண்டது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, உடலின் பதற்றம் அல்லது அமைதி. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் கருத்து. என் அனுபவமும் அதுவே. ஆகவே முடித்துக் கொடுத்த ஒவ்வொரு வேலையின் டிராயிங்கையும், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டையும், ரிஜெக்ஷன் எண்ணிக்கையையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மனம் தளரும் மாலையில் நினைவு உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். கோப்பு நடந்ததை மட்டும் சொல்லும்.

பண்டூரா சொன்ன இரண்டாவது வழியில், யாரைப் பார்ப்பது என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்துகாட்டியது இந்த ஊருக்கே பெருமை, எனக்கும் பெருமைதான். ஆனால் அவர்களுக்கும் நமக்கும் உள்ள தொலைவு பெரிது. உங்களைவிட மூன்று, நான்கு ஆண்டுகள் முன்னே சென்றிருக்கும் பக்கத்துத் தெருப் பட்டறைக்காரரைப் போய்ப் பாருங்கள். முதல் பெரிய ஆர்டரை எப்படிப் பிரித்தார், எந்த வேலையை வெளியே கொடுத்தார் என்று கேளுங்கள். 1969 முதல் இயங்கும் கொடிசியா (கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கம்) போன்ற சங்கங்களில் சேர்வதன் பெரிய பயன் இந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன்.

பணம் வராமல் நிற்பதும் தன்மீதான ஐயமாக உருமாறும் என்பதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து பல மாதங்கள் பணம் வராதபோது, தொழில் நடத்தவே தகுதியற்றவன் என்ற எண்ணம் வந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை, பில் மட்டுமே நின்றிருந்தது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை எழுத்துமூலம் ஒத்துக்கொண்ட நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் இன்றே செய்துவிடுங்கள்.

உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்து, பசியும் எதிலும் பிடிப்பும் இல்லாமல் போனால், அதைத் தொழில் பிரச்சினையாகக் கருதாமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

உங்கள் ஆர்டருக்கு வருகிறேன். முழு 5,000ஐயும் ஒரேயடியாக ஏற்காமல், முதல் மூன்று மாதம் 2,000 என்று எழுதிக் கொடுங்கள். அதற்கு 100 மணி நேரம் போதும், பழைய வாடிக்கையாளர்களுக்கும் இடமிருக்கும். 25 ரூபாய் அடக்கத்தின் மீது உங்கள் இலாபத்தையும் வைத்து விலை சொல்லுங்கள். பணம் கொடுக்கும் கெடுவைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதியை மட்டும் நம்பி, வீட்டை அடமானம் வைத்து இரண்டாவது மெஷின் வாங்க வேண்டாம். மூன்று மாதத்து ரிப்போர்ட்டுகளும் வங்கிக் கணக்கில் வந்த தொகையும் கையில் இருக்கும்போது, அந்த மெஷினைப் பற்றி வங்கி மேலாளரிடம் பேசுங்கள்.