ஃப்ளூகல்ஹோர்னில் மேல் சுரங்கள்: வாத்தியமும் மவுத்பீஸும் பற்றிய கேள்வி பதில்

கொழும்பின் தேவாலய பாண்ட் குழுக்களிலும் பாடசாலைக் குழுக்களிலும் வாசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, முப்பது வருடங்களாக ட்ரம்பெட்டும், அதைப் போலவே வால்வுள்ள பித்தளை ஊதுவாத்தியமான ஃப்ளூகல்ஹோர்னும் வாசித்தும் கற்பித்தும் வருபவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஐயா, ட்ரம்பெட்டில் ஹை சி வரை எனக்குச் சிரமமில்லை. ஃப்ளூகல்ஹோர்னை எடுத்தால் மேல் ஜி-யைத் தாண்டியதும் சுரம் நழுவுகிறது. இரண்டும் பி ஃப்ளாட் வாத்தியங்கள்தானே, ஏன் இந்த வேறுபாடு?

சுருதியும் குழாயின் நீளமும் ஒன்றுதான். குழாயின் வடிவம்தான் வேறு. ட்ரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே விட்டத்தில் சென்று கடைசியில் விரிகிறது. ஃப்ளூகல்ஹோர்னின் குழாயோ, வால்வுப் பகுதியையும் சுருதி சேர்க்கும் பகுதியையும் விட்டால், ஏறக்குறைய முழு நீளத்துக்கும் கூம்பாக விரிந்துகொண்டே போகிறது. அந்தக் கூம்பும், உதடு வைத்து ஊதும் ஆழமான மவுத்பீஸும் சேர்ந்துதான் நாம் விரும்பும் இருண்ட, மென்மையான ஒலியைத் தருகின்றன. மேல் சுரங்களுக்குக் குழாய் உதட்டுக்குத் தரும் தாங்கலைக் குறைப்பவையும் அவையே. நீங்கள் வாசிக்கும் ஹை சி எட்டாவது ஹார்மொனிக், அதாவது வால்வை மாற்றாமல் உதட்டாலேயே ஏறும் இயல்பான படிகளில் எட்டாவது; அதில் உதடு செக்கனுக்கு ஏறத்தாழ 932 தடவை அதிர வேண்டும். அதற்கு மேலே டி, ஈ என்று ஹார்மொனிக் படிகள் ஒரு முழுச் சுர இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. ட்ரம்பெட் அந்தப் படியில் உங்களைப் பிடித்து நிறுத்தும். ஃப்ளூகல்ஹோர்னில் சுரத்தை முதலில் மனத்தில் கேட்டு, உதட்டால் நீங்களே அங்கே வைக்க வேண்டும். ஆகவே உங்கள் திறமை குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து: ஆழம் குறைந்த மவுத்பீஸ் போட்டால் மேல் சுரங்கள் எளிதாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்திருக்கிறது. வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மவுத்பீஸின் கிண்ணம் போன்ற குழிவான கப்பின் கொள்ளளவைக் குறைத்தால் மேல் ஹார்மொனிக்குகள் கீழ் ஹார்மொனிக்குகளை விட அதிகமாக உயர்ந்துவிடும். அதனால் நடு சி சரியாக இருக்கும்போது ஹை சி கூர்மையாகப் போகும். அதைச் சரிசெய்யக் குழாயை வெளியே இழுத்தால் கீழ்ச் சுரங்கள் தாழ்ந்துவிடும். நானும் இளமையில் அப்படியொரு மவுத்பீஸ் வாங்கி, ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு முந்திய ஒத்திகை முழுவதும் குழாயை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தேன். மேலே அரைச் சுரம் கூடக் கிடைக்கவில்லை. ஒலியோ மெலிந்த ட்ரம்பெட் போல ஆகிவிட்டது. அன்று இழந்தது எந்த ஒலிக்காக அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தேனோ அந்த ஒலியைத்தான்.

ஆழத்தை விட்டுவிட்டு, உதடு படும் விளிம்பான ரிம்மைக் கவனியுங்கள். ட்ரம்பெட்டில் நீங்கள் பழகிய ரிம்மின் விட்டமும் வளைவும் ஃப்ளூகல்ஹோர்னிலும் கிடைத்தால், ஒரே நிகழ்ச்சியில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கும்போது உதடு தடுமாறாது. பாக் நிறுவனத்தின் மவுத்பீஸ்களில் எண் குறையக் குறைய விட்டம் கூடும் என்பதை நினைவில் வைத்திருங்கள். 7சி ஏறத்தாழ 16.2 மில்லிமீற்றர், 1½சி ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். ரிம் உங்களுடையதாகவும், கப் ஆழமான வி வடிவமாகவும் இருக்கட்டும்.

தெஹிவளையிலிருந்து: இணையத்தில் வாங்கிய மவுத்பீஸ் உள்ளே சரியாக உட்காராமல் ஆடுகிறது. நூல் சுற்றிப் பாவிக்கலாமா, மாஸ்டர்?

நூல் சுற்ற வேண்டாம், தம்பி. ட்ரம்பெட் மவுத்பீஸ்களைப் போல ஃப்ளூகல்ஹோர்னில் வாத்தியத்துக்குள் செருகும் தண்டுக்கு ஒரே அளவு இல்லை. சிறிய மோர்ஸ், பெரிய மோர்ஸ், பழைய குவெனோன் நிறுவன வாத்தியங்களில் வரும் ஏறத்தாழச் சரிவற்ற பிரெஞ்சுத் தண்டு என மூன்று வகைகள் உள்ளன. பொருந்தாத தண்டு காற்றைக் கசியவிடும், அல்லது தேவையான ஆழத்துக்கு இறங்காமல் சுருதியைக் குலைக்கும். அந்தக் குறையை வாசிப்பவர் தம் உதட்டின் குறை என்று எண்ணி மாதக்கணக்கில் வருந்துவதைக் கண்டிருக்கிறேன். அடுத்த முறை பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் வாத்தியம் எந்தத் தண்டை ஏற்கும் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: மேல் சுரங்களுக்காக வாத்தியம் தெரிவு செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்? நான்காவது வால்வு உதவுமா?

நான்காவது வால்வு கீழ்ச் சுரங்களுக்கானது, மேலே உதவாது. குழாயின் உள்விட்டம் முக்கியம். பல ஃப்ளூகல்ஹோர்ன்களில் அது ஏறத்தாழ 10.5 மில்லிமீற்றர், வழமையான ட்ரம்பெட்டில் 11.7 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். உள்விட்டமும், விரிந்த வாய்ப்பகுதியான மணியும் மிகப் பெரிதாக உள்ள வாத்தியத்தின் ஒலி அழகாக இருக்கலாம், ஆனால் மேலே அது காற்றை விழுங்கிவிடும். மணி தங்கநிறப் பித்தளையா மஞ்சள் பித்தளையா என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கடையில் உங்கள் சொந்த மவுத்பீஸைப் போட்டு, கைத்தொலைபேசியின் சுருதிமானியைப் பார்த்தபடி மேல் ஈ, ஜி, ஏ, ஹை சி ஆகியவற்றை மெதுவாக வாசியுங்கள். ஈ ஐந்தாவது ஹார்மொனிக் என்பதால் இயல்பாகவே ஏறத்தாழ 14 சென்ட் (அரைச் சுரம் 100 சென்ட்) தாழ்ந்து நிற்கும், அதை மன்னித்துவிடலாம். ஆனால் ஜி-யும் ஹை சி-யும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போனால் அந்த வாத்தியத்தை வைத்துவிட்டு வாருங்கள். பழைய வாத்தியமானால் இன்னொரு சோதனையும் உண்டு: வால்வை அழுத்தாமல் அதன் இழுகுழாயான ஸ்லைடை இழுத்து, பிறகு வால்வை அழுத்தும்போது 'பொப்' என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வால்வோ ஸ்லைடோ தேய்ந்து காற்றுக் கசிகிறது. நம் கடற்கரை ஈரப்பதத்தில் பல வருடம் கவனிப்பின்றிக் கிடந்த வாத்தியங்களில், முன் குழாயில் அரிப்பைக் காட்டும் செம்புள்ளிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: பாடசாலைகளின் பிக் மெட்ச் கிரிக்கெட் போட்டியில் வாசிக்கும் பப்பரே பாண்ட் குழுவில் ஃப்ளூகல்ஹோர்ன் வாசிக்கலாமா?

திறந்த மைதானத்தில் மேளங்களுக்கு மேலே அதன் ஒலி எட்டாது. அங்கே ட்ரம்பெட்டையே கொண்டு செல்லுங்கள்.

வத்தளையிலிருந்து: எங்கள் பாடல் ஒன்றில் ஃப்ளூகல்ஹோர்னுக்கு ஹை டி எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை ட்ரம்பெட்டுக்கு மாற்றும்படி கேட்பது தவறா, ஐயா?

தவறில்லை. ஆனால் அந்த வாத்தியத்தால் முடியாது என்ற காரணத்தைச் சொல்லாதீர்கள். 1952இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த கனடாக்காரரான ஜாஸ் கலைஞர் கெனி வீலர், ஃப்ளூகல்ஹோர்னில் அகலப் பாய்ந்து உச்சிக்குப் போகும் வரிகளுக்காகவே அறியப்பட்டவர். ஃப்ளூகல்ஹோர்னையே தம் குரலாக்கிக்கொண்ட ஆர்ட் ஃபார்மருக்காக, வாத்தியம் செய்பவரான டேவிட் மொனெட் ட்ரம்பெட்டையும் ஃப்ளூகல்ஹோர்னையும் இணைத்து ஃப்ளம்பெட் என்றொரு வாத்தியத்தையே செய்தார். அந்த ஹை டி இரைந்து ஒலிக்க வேண்டுமா, தாலாட்டுப் போல மிதக்க வேண்டுமா என்று குழுத் தலைவரிடம் கேளுங்கள். இரைய வேண்டுமானால் ட்ரம்பெட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். மிதக்க வேண்டுமானால் இரண்டு மாதம் அவகாசம் கேட்டு, தினமும் வால்வைத் தொடாமல் உதட்டால் மட்டும் படி ஏறி இறங்கும் பயிற்சியை மிக மெல்லிய ஒலியில் செய்யுங்கள். வாசித்த நேரத்தளவு ஓய்வும் எடுங்கள். மவுத்பீஸை உதட்டில் அழுத்தி ஒரு சுரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தால், அன்றைக்கு அந்தச் சுரத்துக்கு ஒரு படி கீழேயே நிறுத்திவிடுங்கள்.