கேள்வி – பதில்: இத்தாலி மலையூரில் ஒரு கிழமைச் சமையல்

கேள்வி: சூரிச்சில் இருக்கும் மகள், இத்தாலியின் ஓர்த்திசேய் என்ற மலையூரில் ஒரு கிழமைக்குச் சமையலறையோடு வீடு எடுத்திருக்கிறா. ஆறு பேர் போகிறோம். எங்கள் றைஸ் குக்கரைக் கொண்டுபோகலாமா? இரண்டு மூன்று சாமானை ஒன்றாகப் போட்டால் கறண்ட் நின்றுவிடும் என்கிறார்களே?
– வாசகி, பரந்தன்

பதில்: கொண்டுபோகலாம். அங்கும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான். பிளக்தான் வேறு. இத்தாலியச் சுவர்த்துளையில் மூன்று உருண்டை ஓட்டைகள் ஒரே வரிசையில் இருக்கும். நமது சதுரக்கால் பிளக் அதில் ஏறாது. மகளின் வீட்டிலிருக்கும் மூன்றுகால் சுவிஸ் பிளக்கும் ஏறாது, ஏனென்றால் அதன் நடுக்கால் வரிசையை விட்டு விலகி நிற்கும். இத்தாலிக்கென்றே ஒரு அடாப்டர் வாங்குங்கள்.

கறண்ட் நிற்பது உண்மை. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாற்று இணைப்புத்தான். மீற்றர் 3.3 வரை, அதாவது 3,300 வாற்று வரை விடும். கொஞ்சம் மிஞ்சினால் சிறிது நேரம் பொறுக்கும், நிறைய மிஞ்சினால் சில நிமிடங்களில் துண்டித்துவிடும். நீங்களே கூட்டிப் பாருங்கள்: சுடுநீர்த் தொட்டி 1,200 வாற்று, கேத்தில் 2,000. இதிலேயே 3,200. மேலே 700 வாற்றுக் குக்கரைப் போட்டால் 3,900. உடுப்புத் தோய்க்கும் மெஷினும் தண்ணீரைச் சூடாக்கும் நேரத்தில் 2,000 அளவில் இழுக்கும். ஆகவே சோறு வேகும்போது மெஷினை நிறுத்துங்கள். தேத்தண்ணீரை அதற்கு முன்னமே வைத்துவிடுங்கள்.

கறண்ட் நின்றுவிட்டால் முதலில் வீட்டுக்குள் இருக்கும் மின்பெட்டியைப் பாருங்கள். அதிலுள்ள லெவர் விழுந்திருந்தால் தூக்கலாம். தூக்கத் தூக்க விழுந்தால் ஏதோ ஒரு சாமானில் மின்கசிவு இருக்கிறது. எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பிடியுங்கள். உள்ளே எல்லாம் மேலே நிற்கிறது, ஆனால் வெளிச்சம் இல்லையென்றால் துண்டித்தது மீற்றர். அது பெரும்பாலும் கீழ்மாடியில் அல்லது வெளிச்சுவர்ப் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியின் திறப்பு எங்கே என்று சாவி வாங்கும்போதே கேட்டு வையுங்கள். இரவு பத்து மணிக்குத் தேடும் சாமான் அல்ல அது.

இன்னொன்று. ஓர்த்திசேய் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,230 மீற்றர் உயரம். 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். அங்கே 96 பாகையிலேயே கொதித்துவிடும். குக்கரோ தண்ணீர் வற்றியதும் தானாக நின்றுவிடும், சோறு வெந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியை இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, வழமையைவிட ஒரு கப் அரிசிக்குக் கால் கப் தண்ணீர் கூட விடுங்கள். பருப்புக்கும் நேரம் கூடுதலாக எடுக்கும். அடுப்பு இன்டக்‌ஷனா என்றும் கேளுங்கள். இன்டக்‌ஷனென்றால் காந்தம் ஒட்டாத அலுமினியச் சட்டி, இடியப்பச் சட்டி எதுவும் அதில் சூடேறாது.

கேள்வி: மகன் மிலானில். கொழும்பிலிருந்து நேரே அங்கே போகிறோம், பிறகு அவரோடு மலைக்கு. கருவாடு, நெய், கறிவேப்பிலை, தேங்காய் கொண்டுபோகலாமா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: நெய்யை விடுங்கள். பாலுணவும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணப்பையில் வரக்கூடாது. பிடித்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். கருவாட்டுக்குத் தடையில்லை, ஒருவருக்கு 20 கிலோ வரை மீனுணவு அனுமதி. ஆனால் மூடிய அறைச் சமையலறையில் பொரித்தால் மணம் திரைச்சீலையில் ஏறிவிடும், வீட்டுக்காரர் துப்புரவுக் காசு கூடக் கேட்பார். குழம்பாக வையுங்கள், உறிஞ்சும் விசிறியைப் போடுங்கள்.

தேங்காய்க்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவையில்லை. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டூரியன் இந்த ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. பச்சைக் கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் வேண்டும், ஆகவே விட்டுவிடுங்கள். கறிவேப்பிலை போட்டு வறுத்திடித்த மிளகாய்த்தூள் கால் கிலோ இருந்தால் ஒரு கிழமைக்குப் போதும்.

பருப்பைச் சுமக்காதீர்கள். கடையில் ‘லென்டிக்கியே ரொஸ்ஸே’ என்று இருப்பது நமது மைசூர்ப் பருப்பேதான். ‘லாத்தே டி கொக்கோ’ தேங்காய்ப்பால், ‘லாத்தே இன்தேரோ’ கொழுப்பெடுக்காத பசும்பால். ‘ஃபரீனா டி ரீசோ’ என்ற அரிசிமா பச்சைமா. வறுக்காமல் புட்டுக்குக் குழைத்தால் களியாகிவிடும். தேயிலை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள்.

சின்ன ஊர்க்கடைகள் மதியம் 12.30 அளவில் பூட்டி 3 மணிக்குப் பிறகே திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை, ஓகஸ்ட் 15 பெருவிடுமுறை. அரிசி, பால், முட்டையை மலை ஏறுமுன் மிலானிலேயே வாங்கிவிடுவது நல்லது.

கேள்வி: விளம்பரத்தில் ‘ட்ரிலொகாலே’ என்று போட்டிருக்கிறது. மூன்று படுக்கையறையா?
– வாசகர், வவுனியா

பதில்: இல்லை. வரவேற்பறையும் கணக்கில் சேரும், படுக்கையறை இரண்டுதான். ‘பிலொகாலே’ என்றால் ஒன்று. ஆறு பேர் படுக்கலாம் என்றால் இரண்டு பேர் சோபாக் கட்டிலில். ‘மன்சார்தா’ என்பது கூரைக்குக் கீழ் மாடி, உயரமானவர்களின் தலை இடிக்கும். காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை: படுக்கைத்துணி, கடைசித் துப்புரவு, ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்ற தங்கல் வரி. இவை மூன்றும் பெரும்பாலும் வாடகைக்கு வெளியேதான். 2025 முதல் எல்லா விடுமுறை வீட்டு விளம்பரத்திலும் அந்த வீட்டுக்குரிய தேசிய அடையாள இலக்கம் இருக்க வேண்டும். அது இல்லாத விளம்பரத்துக்கு முற்பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: சுவிஸ் விசாவில் இத்தாலிக்குப் போய்வரலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: ஷெங்கன் விசாவென்றால் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) போகலாம், ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும். இரண்டும் ஷெங்கனுக்குள்தான். ஆனால் மூலப் பாஸ்போட்டைக் கையில் வைத்திருங்கள். தங்குபவர்களின் விபரத்தை வீட்டுக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: குளியலறையில் கவனிக்க ஏதும் உண்டா?
– அதே வாசகி

பதில்: ‘சி’ எழுத்திட்ட குழாயில் வருவது சுடுநீர், குளிர் என்று நினைத்துத் திறக்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டி 80 லீற்றரென்றால் ஆறு பேர் அடுத்தடுத்துக் குளிக்கப் போதாது, பாதிப் பேர் இரவில் குளியுங்கள். குளிக்கும் இடத்துக்கு மேலே தொங்கும் கயிறு உதவிக்கு அழைக்கும் மணி. அதில் சீலை காயப்போட்டால் வீட்டுக்காரர் ஓடி வருவார்.