கேள்வி – பதில்: ஹாரி ஹஸ்கியின் நூற்றொரு வருஷம்

போன இதழில் நூறு வயதைத் தாண்டியவர்களைப் பற்றிய ஒரு பதிலில் ஹாரி ஹஸ்கி என்ற பெயரைச் சொல்லியிருந்தேன். அவரைப் பற்றியே இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பிடித்த மனிதர் என்பதால் இந்த முறை எல்லாப் பக்கமும் அவருக்கே.

யார் இந்த ஹாரி ஹஸ்கி? கணினி வரலாறு என்றால் நாலைந்து பெயர்தான் தெரியும். அதில் இவர் இல்லையே? – வாசகர், திருச்சி

நாலைந்து பேரோடு நிறுத்திக்கொள்கிற வழக்கத்தால்தான் இவர் விட்டுப்போகிறார். 1916 ஜனவரி 19-ல் அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் பிறந்தவர், வளர்ந்தது ஐடாஹோ மாநிலத்தில். கணிதம் படித்து 1943-ல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். போர்க்காலம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கடற்படை மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்காக ஒரு இயந்திரம் ரகசியமாக உருவாகிக்கொண்டிருந்தது. அதில் பகுதிநேரமாகச் சேர்ந்தார்.

அந்த இயந்திரம்தான் எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினி. சுமார் 18,000 வால்வுகள் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்), 30 டன் எடை, வினாடிக்கு 5,000 கூட்டல். இதை எல்லாரும் எழுதுவார்கள். இத்தனை பெரிய இயந்திரத்தை அடுத்து வருபவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று உட்கார்ந்து எழுதியவர்களை யாரும் நினைப்பதில்லை. எனியாக்கின் விளக்கக் கையேட்டில் ஒரு பாகம் அடீல் கோல்ட்ஸ்டைன் எழுதியது, இன்னொரு பாகம் ஹஸ்கி எழுதியது. கையேடு எழுதுவது பெயர் கிடைக்காத வேலை. நானும் ஒரு அலுவலகத்தின் இ.டி.பி. பிரிவில், அதாவது கணினிப் பிரிவில், காலம் தள்ளியவன், கையேடு இல்லாத இயந்திரத்தின் முன்னால் நிற்பது என்ன என்று தெரியும். அதனால் அவர் மேல் எனக்கு முதல் மரியாதை அங்கேயே வந்துவிட்டது.

2017 ஏப்ரல் 9-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் காலமானார். வயது 101.

ஆலன் டூரிங்கோடு வேலை செய்தாராமே? – கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

ஆமாம். 1947-ல் ஒரு வருஷம் இங்கிலாந்தில், லண்டனுக்குப் பக்கத்தில் டெடிங்டன் என்ற ஊரில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ஆங்கிலேயக் கணித அறிஞர் டூரிங், அங்கே ஏஸ் என்ற கணினியை வடிவமைத்திருந்தார். திட்டம் அபாரமானது, ஆனால் எல்லாம் காகிதத்திலேயே இருந்தது. ஹஸ்கி எனியாக்கைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுவிட்டு வந்தவர். ‘முதலில் சின்னதாக ஒன்றைக் கட்டி ஓட்டிப் பார்ப்போம்’ என்பது அவர் கட்சி. வேலையும் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் மேலிடம் அதை நிறுத்திவிட்டது. வருஷம் முடிந்து ஹஸ்கி ஊர் திரும்பினார். பிறகு அதே ஆய்வகத்தில் சின்ன வடிவமாகத்தான் பைலட் ஏஸ் உருவானது. 1950 மே மாதம் அது முதல் நிரலை ஓட்டியது.

அவருக்கு அந்த வருஷம் வீணாகப் போனது என்று நான் நினைக்கவில்லை. டூரிங்கிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு யோசனையைப் பிற்பாடு பிரமாதமாகப் பயன்படுத்தினார். அடுத்த பதிலில் வருகிறது.

உலகின் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரைச் செய்தவர் இவர்தான் என்று ஒரு இடத்தில் படித்தேன். உண்மையா? – வாசகர், நாகர்கோவில்

‘முதல்’ என்ற பட்டத்துக்குப் போட்டியாளர்கள் நிறைய. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து வந்ததும் லாஸ் ஏஞ்சலீஸில் அரசுக்காக ஸ்வாக் என்ற கணினியைக் கட்டினார். 1950-ல் திறந்தபோது உலகிலேயே வேகமானது அதுதான். 1952 ஜனவரி 30 அன்று அதில் ஒரு சம்பவம் நடந்தது. மெர்சென் வகைப் பகா எண்களில் (இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், ஒன்றைக் கழித்தால் வருபவை) அதுவரை தெரிந்த பெரியது, 1876-ல் கண்டுபிடித்த 39 இலக்க எண். எழுபத்தைந்து வருஷமாக யாரும் அதைத் தாண்டவில்லை. ரபேல் ராபின்சன் என்ற கணித அறிஞர், ஸ்வாக்கைப் பார்த்ததே இல்லை, அதன் கையேட்டை மட்டும் படித்து நிரல் எழுதி அனுப்பினார். ஒரே நாளில் இரண்டு புது எண்கள் கிடைத்தன. ஒன்றுக்கு 157 இலக்கம், மற்றதற்கு 183. மறுபடியும் கையேடுதான், கவனித்தீர்களா?

அப்புறம் அவர் வடிவமைப்பில் வந்தது பெண்டிக்ஸ் நிறுவனத்தின் ஜி-15 கணினி, வருஷம் 1956. சுமார் 430 கிலோ எடை, 450 வால்வு. இன்றைக்கு இது பூதம். அன்றைக்கு ஒரு கூடத்தையே அடைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் இதை ஒரு மூலையில் வைக்கலாம். ஒரே ஆள் உட்கார்ந்து இயக்கலாம். அடிப்படை விலை 50,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் பொறியியல் அலுவலகங்களே வாங்கின. 400-க்கு மேல் விற்றது.

விலையை எப்படிக் குறைத்தார் என்பதுதான் எனக்கு ருசியான விஷயம். நினைவகத்துக்கு ஒரு காந்த உருளை. 2,160 சொற்கள் (ஒரு எண்ணோ கட்டளையோ அடங்கும் இடத்துக்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயர்) அந்த உருளையின் மேல் பதிந்திருக்கும், உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மலிவு, ஆனால் மெதுவு. திருவிழா ராட்டினத்தில் நம் வீட்டுப் பிள்ளை இருக்கும் தொட்டில் கீழே வரும்வரை நாம் நிற்பதுபோல, வேண்டிய சொல் படிக்கும் முனைக்கு அடியில் வரும்வரை கணினி காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சுற்று வீணானால் அந்த இயந்திரத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

இங்கேதான் டூரிங்கின் யோசனை உதவியது. ஒவ்வொரு கட்டளையும் தன் வேலையோடு, ‘அடுத்த கட்டளை இந்த இடத்தில் இருக்கிறது’ என்பதையும் சொல்லும். ஒரு கட்டளை முடிய எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் உருளை எவ்வளவு நகரும் என்று நிரலாளர் கணக்குப் போட்டு, சரியாக அந்த இடத்தில் அடுத்ததை எழுதி வைப்பார். முதல் கட்டளை முடிகிற கணத்தில் இரண்டாவது முனைக்கு அடியில் வந்து நிற்கும். காத்திருப்பே இல்லை. எழுதுபவருக்குத் தலைவலிதான், ஆனால் மலிவான உருளையில் வேகம் கிடைத்துவிட்டது.

அந்த ஜி-15 ஒன்றை ஹஸ்கி வீட்டிலேயே வைத்திருந்தார். அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டில் ஒரு கணினி என்பதை அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

வந்திருக்கிறார். உங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு ஐயா.

ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கான்பூர் ஐ.ஐ.டி.க்குக் கைகொடுத்த காலம் அது. 1963-ல் அங்கே ஐ.பி.எம். 1620 என்ற கணினி வந்து இறங்கியது. இந்தியக் கல்வி நிறுவனம் ஒன்றில் மாணவர் கையில் முதன்முதலில் கணினி கிடைத்தது அங்கேதான். பர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹஸ்கி, அதைக் கிளப்பிவிட வந்த குழுவில் ஒருவர். ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியில் வகுப்புகள் நடந்தன.

அதே வருஷம் கான்பூரில் சேர்ந்த இளம் ஆசிரியர் வி. ராஜாராமன். 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். நாட்டின் முதல் கணினி அறிவியல் பட்டமேற்படிப்பை 1965-ல் அங்கே தொடங்கியதில் முக்கியமானவர். அவர் எழுதிய குறைந்த விலைப் பாடப்புத்தகங்களில்தான் என் தலைமுறை நிரல் எழுதக் கற்றது. அவரும் 92 வயதுவரை நிறைவாழ்வு வாழ்ந்து 2025 நவம்பரில் போய்ச் சேர்ந்தார்.

ஹஸ்கி 1971-ல் மறுபடி கான்பூர் வந்தார். பிறகு யுனெஸ்கோ வழியாக பர்மாவில் ரங்கூன் பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கும் உதவினார். பர்க்லியில் அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த இருவரைச் சொல்ல வேண்டும்: பாஸ்கல் என்ற நிரல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த், ஒருவருக்கு ஒரு மேசைக் கணினி என்று ஆல்டோ என்ற கணினியைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமான பட்லர் லாம்ப்சன். ஆசிரியர் போட்ட விதை எங்கே முளைத்தது பாருங்கள்.

இப்படி ஊர் ஊராகச் சுற்றிய மனிதர் குடும்பத்தைக் கவனித்திருப்பாரா? – இல்லத்தரசி, காரைக்குடி

நல்ல கேள்வி அம்மா. இந்த மாதிரி ஆட்களைப் பற்றி எழுதும்போது மனைவியை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இவர் விஷயத்தில் அப்படி முடிக்க முடியாது.

1939-ல் வெல்மா என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். முனைவர் பட்டத்துக்கு முன்னால், எனியாக்குக்கு முன்னால், கையில் ஒன்றும் இல்லாத காலத்தில். நாலு பிள்ளைகள். கணினி வரலாற்றில் வெல்மாவுக்கே சொந்த ஈடுபாடு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணிக்கும் இயந்திரத்தைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், அதைப் பற்றி எழுதிய ஏடா லவ்லேஸ் இருவரையும் பற்றி கணவனும் மனைவியுமாக எழுதிய கட்டுரை 1980-ல் கணினி வரலாற்று ஆய்விதழில் வந்தது. அதில் வெல்மா பெயர்தான் முதலில். கல்யாணமாகி நாற்பது வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பழைய கடிதங்களையும் தேதிகளையும் சரிபார்த்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது. ஒரு கணினியின் வேகத்தைவிட இது எனக்குப் பெரிய தகவல்.

வெல்மா 1991-ல் இறந்தார், ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட தாம்பத்தியம். 1994-ல், 78 வயதில், ஹஸ்கி நான்சி என்பவரை மணந்தார். அந்த வயதில் கல்யாணமா என்று நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். தனியாகச் சாப்பிட உட்காரும் வீடு எப்படி இருக்கும் என்று உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். நான்சியும் 2015-ல் முந்திக்கொண்டார்.

என் அப்பாவுக்கு 82 வயது. எழுபதுகளில் ஒரு கம்பெனியில் பஞ்ச் கார்டு ஆபரேட்டராக இருந்தார். ஹஸ்கி மாதிரி எதையும் கண்டுபிடித்தவர் இல்லை. பேரப்பிள்ளைகளுக்காக அவர் கதையை எழுதிவைக்க ஆசை. ‘என்னம்மா இருக்கு சொல்ல’ என்கிறார். எப்படி ஆரம்பிப்பது? – வாசகி, மதுரை

‘என்ன வேலை பார்த்தீர்கள்’ என்று கேட்டால் எந்த அப்பாவும் அப்படித்தான் சொல்வார். கையைப் பற்றிக் கேளுங்கள். பஞ்ச் கார்டு என்பது துளைகளால் தகவலைப் பதியும் அட்டை, ஒரு கார்டில் 80 பத்தி, பத்திக்கு ஒரு எழுத்து. பார்க்காமலே எண்களை அடித்த விரல்கள் அவை. எந்த விரல் எந்தச் சாவியில் நின்றது, மேசைமேல் காட்டச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் கழித்தும் விரல் மறந்திருக்காது. அதை வீடியோ எடுத்துவிடுங்கள்.

அடுத்து, வெரிஃபயர் பற்றிக் கேளுங்கள். ஒருவர் அடித்த கார்டை இன்னொருவர் அதே தாளைப் பார்த்து மறுபடி அடிப்பார். எழுத்து ஒத்துப்போகாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். அப்பாவின் கார்டுகளைச் சரிபார்த்தவர் யார், அவர்களுக்குள் சண்டை உண்டா, சிநேகமா? கார்டுக் கட்டு கைதவறி விழுந்த நாளைக் கேளுங்கள். விழுந்தால் அடுக்குவதற்காகக் கட்டின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுப்போம், கோடு நேரானால் வரிசை சரி. அவர் அப்படிச் செய்தாரா? அலுவலகத்திலேயே ஏ.சி. இருந்த ஒரே அறை அதுவாக இருந்திருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாரா?

அம்மா இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாதக்கடைசியில் சம்பளப் பட்டியல் ஓடும் இரவுகளில் அவர் எத்தனை மணிக்கு வீடு வந்தார், யார் கதவு திறந்தார்கள் என்பதெல்லாம் அம்மாக்களிடம்தான் இருக்கும். இந்த நாட்டின் கரண்ட் பில்லும் இன்ஷூரன்ஸும் சம்பளமும் உங்கள் அப்பா போன்றவர்களின் விரல் வழியாகத்தான் கணினிக்குள் போயின. அதைச் சொல்லியே அவரைப் பேச வைக்கலாம்.

ஒரே நாளில் எல்லாம் கேட்காதீர்கள், களைத்துவிடுவார். பீரோவிலோ பரணிலோ பழைய கார்டு ஒன்று கிடைத்தால் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மேல் விளிம்பில் அச்சு அழிந்திருந்தாலும் பரவாயில்லை, துளைகளை வைத்தே படித்துவிடலாம். என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.